தேக்காவின் மேல்தளமும் உங்கள் ரவிக்கைகளும்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் என் வீட்டிலேயே ரவிக்கையும் குர்த்தாவும் வடிவமைத்துத் தைத்து இரண்டு ஆண்டுகளாக விற்று வருகிறேன். சென்ற மாதம் ஒரு வாரயிறுதிச் சந்தையில், மூன்று பொது அளவுகளில் தைத்தவற்றை அடுக்கிக் கடை போட்டேன். இரண்டு நாளில் 11 உருப்படிகள் விற்றன. மேசை வாடகைக்கே அது சரியாகிவிட்டது. நம் பெண்கள் கையில் எடுத்து, உட்புறத்தைப் புரட்டிப் பார்த்து, 95 வெள்ளி என்றதும் "சென்னையில் ஆயிரம் ரூபாய்க்குத் தைத்துவிடலாமே" என்று வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் கழுத்து வடிவத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். நம் சமூகத்துக்கு வடிவமைப்பின் மதிப்பு தெரியவில்லையா? லிட்டில் இந்தியாவில் சொந்தக் கடை எடுத்தால் நிலைமை மாறுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

உட்லண்ட்ஸ் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை படித்தது, அந்தப் பெண்கள் ரவிக்கையின் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தார்கள் என்ற வரிக்காகத்தான். வெளிப்புறத்தின் வண்ணத்தையும் வேலைப்பாட்டையும் எவரும் பார்ப்பார்கள். பிரித்துவிடப் போதிய துணி விட்டிருக்கிறதா, உள்துணி பருத்தியா பாலியெஸ்டரா, கைக்குழி ஓரம் நூல் பிரியாதபடி அடித்திருக்கிறதா என்று பார்ப்பவர் தையல் அறிந்தவர். ஆகவே நம்மவர்களுக்கு மதிப்பு தெரியவில்லை என்ற உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மேசைமேல் மூன்று பொது அளவுகளில் அடுக்கி வைத்த ரவிக்கையை, சென்னையில் தங்கள் உடம்புக்கு அளவெடுத்து வெட்டப்படும் ரவிக்கையோடு அவர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். தோள், மார்பு, கைச்சுற்று, பின்கழுத்து இறக்கம் ஆகியவற்றில் ஒன்று அரை அங்குலம் தவறினாலும் உடுத்த முடியாமல் போகும் உடை அது. அந்த ஒப்பீட்டில் உங்கள் ரவிக்கை பின்தங்கியது, உங்கள் கற்பனையில் குறை இருந்ததால் அன்று.

சென்னையால் தர முடியாததை நீங்கள் தர முடியும் என்பதே நான் சொல்ல விரும்புவது. இங்கே ஒரு பெண் செவ்வாய்க்கிழமை அணிந்து பார்த்து, கை இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னால், வெள்ளிக்கிழமை அது சரியாகிக் கைக்கு வந்துவிடும். ஊரிலிருந்து பெட்டியில் வந்த ரவிக்கை பொருந்தாமல் போனால், அதை எடுத்துக்கொண்டு அவள் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தின் மேல்தளத்துக்குத்தான் ஓடுகிறாள். என் அம்மாவும் அப்படித்தான் ஓடினார். கீழே மீனும் கீரையும் விற்கும் ஈரச்சந்தை. மேலே புடவைக் கடைகளுக்கும் பூவேலைத் துணிகளுக்கும் நடுவே தையல் இயந்திரங்களின் ஓசை. பழைய அளவு ரவிக்கையை நீட்டினால், நாடாவைக்கூட எடுக்காமல் கண்ணாலேயே பார்த்துவிட்டு, "இது பத்து வருடத்துக்கு முந்தைய உடம்பு அம்மா, புதிதாக அளவு எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய பெயர் எந்த ரவிக்கையிலும் தைக்கப்பட்டதில்லை. இன்று அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம், இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களின் வயதைப் பார்த்து எனக்குக் கவலை உண்டாகிறது. இந்த நகரத்தில் தனி வடிவமைப்பாளர் என்றால் வரைபவர், தையற்காரர் என்றால் கூலிக்குத் தைப்பவர் என்று நாம் இருவரையும் பிரித்து வைத்திருப்பது இரு தரப்பையும் மெலியச் செய்கிறது.

அவர்களோடு கைகோத்துக்கொள்ளுங்கள். இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறிய அளவில் தையல் தொழில் செய்ய அனுமதி இருக்கிறது; ஆனால் அந்த வீட்டில் குடியிருக்காத ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, வெளியே விளம்பரப் பலகை மாட்டக் கூடாது. ஆக, ஆர்டர் பெருகினாலும் உங்கள் வீட்டில் இன்னொரு கை சேர வழியில்லை. வெட்டும் வடிவமும் துணித் தேர்வும் உங்களுடையதாக இருக்கட்டும். தைப்பதில் ஒரு பகுதி தேக்காவில் நடக்கட்டும். உள்ளே தைக்கும் சிறு துணிச்சீட்டில் உங்கள் பெயருக்குக் கீழே தைத்தவரின் பெயரும் இருக்கட்டும். உட்புறத்தைப் புரட்டிப் பார்க்கும் பெண் அதையும் படிப்பாள்.

கடை வாடகைக்கு எடுப்பதை இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கம்போங் கிளாமில் ஹாஜி லேன் என்ற சந்தின் பழைய கடைவீடுகளில் இளம் வடிவமைப்பாளர்கள் சிறு சிறு கடைகள் திறந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தும் சுவரோவியங்களும் புகழ்பெற்ற பிறகு வாடகையும் ஏறியது. சந்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் பலர் அங்கே நிலைக்க முடியவில்லை. ஆர்ச்சர்ட் சாலையில் 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட டிசைன் ஆர்ச்சர்டு வேறு வகை: பல உள்ளூர்ப் பெயர்கள் ஒரே கூரையின்கீழ் விற்பனைக்கு வைக்கப்படுவதால், தனிக் கடையின் சுமை ஒருவர் தலையில் விழுவதில்லை. ஒருமுறை போய், அங்கே எவை எந்த விலைக்கு இருக்கின்றன, எப்படித் தைக்கப்பட்டிருக்கின்றன என்று நீங்களும் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள்.

உங்கள் பெயருக்கு அங்கெல்லாம் இடம் உண்டா என்ற தயக்கம் வேண்டாம். வழக்கறிஞராக இருந்து உடை வடிவமைப்புக்கு வந்த பிரிசில்லா சண்முகம், தாயின் குடும்பப் பெயரையும் தந்தையின் பெயரையும் சேர்த்து 2010-இல் இங்கே தொடங்கிய ஓங் சண்முகம் என்ற உடை நிறுவனம், சீனப் பெண்களின் மரபுடையான சியோங்சாமைப் பாத்திக் உள்ளிட்ட துணிகளில் புதிதாக வெட்டிக் காட்டியே அறியப்பட்டது. பழகிய உடையைப் பழகாத துணியில் தைக்கும் வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கட்டம்போட்ட பருத்திக்கும், ஒருகாலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி எனும் வட்டித்தொழில் கூடம் வைத்திருந்த நகரத்தாருக்கும் உள்ள உறவு இந்த ஊருக்குப் புதியதன்று. ஆண்டு முழுவதும் புழுக்கம் நிறைந்த தெருவில் நடந்து, குளிர்ந்து விறைக்கும் எம்ஆர்டி ரயிலில் ஏறும் உடம்புக்கு, கெட்டியான பட்டு ரவிக்கையைவிட மெல்லிய பருத்தி உள்துணி வைத்த கண்டாங்கி ரவிக்கை எவ்வளவு இதமாக இருக்கும் என்பது இங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும்.

இங்கே வாழ்பவருக்குத் தெரிந்த இன்னொன்று நாட்காட்டி. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எல்லாரும் விற்பார்கள். தையற்காரர்கள் புது ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். அப்போது போட்டியிடாதீர்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கிறது. பட்டிமன்றமும் கவியரங்கமும் நூல் வெளியீடும் நாள்தோறும் நடக்கும் அந்த மாதத்தில் புடவை உடுத்தி வரும் ஆசிரியைகளும் எழுத்தாளர்களும் எத்தனை பேர்! ஜூலை 21 இன நல்லிணக்க நாள். பள்ளிப் பிள்ளைகள் மரபுடையில் போவார்கள். ஒருநாள் உடுத்திவிட்டு மூலையில் போடும் மினுமினுப்புத் துணியையே நாம் அதற்கு வாங்குகிறோம். பின்னரும் உடுத்தக்கூடிய, அடுத்த ஆண்டு இறக்கிவிட மடிப்பு வைத்த பருத்திப் பாவாடை சட்டையைத் தைப்பவரை நான் தேடி வந்து வாங்குவேன்.

விலையைக் குறைக்காதீர்கள். ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாத வரை பொருள் சேவை வரிக்கு நீங்கள் பதிந்துகொள்ளத் தேவையில்லை. ஆனால் 2023 ஜனவரி முதல், இங்கே வரிக்குப் பதிந்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் அனுப்பும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் அந்த வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. அஞ்சல் செலவையும் பொருந்தாவிட்டால் பிரித்துத் தைக்கும் கூலியையும் சேர்த்தால் இணையத்தில் வாங்கும் ரவிக்கை அத்தனை மலிவன்று. படம் எடுத்தவர்களைப் பற்றி அதிகம் வருந்த வேண்டாம். உண்மையிலேயே புதிய வடிவத்தைப் பதிவுசெய்ய இங்கே சட்டம் இடம் தருகிறது. நீங்களே வெளியிட்ட 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஆனால் பானைக் கழுத்தும் படகுக் கழுத்தும் யாருக்கும் சொந்தமாகாது.

அடுத்த சந்தைக்கு விற்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டு, மாதிரி ரவிக்கைகள் ஆறும், துணிக்கீற்றுகளும், அளவு நாடாவும், ஒரு நோட்டும் கொண்டு போங்கள். ஒரு திரைச்சீலையும் வேண்டும். வருபவரிடம் அளவெடுத்து, முன்பணம் வாங்கி, அணிந்து பார்க்க வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுங்கள். முதல் பக்கத்தில் என் அளவை எழுத இடம் விட்டு வையுங்கள். கண்டாங்கி, முழங்கை வரை கை, பின்கழுத்து அதிகம் இறக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா