என் தங்கைக்கு 26 வயது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் இடத்தில் இருக்கும் அயோர்டிக் வால்வை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவள் உடம்பின் திசுவையே வைத்துச் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. இதய அறுவை தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜப்பானில் டாக்டர் ஷிகெயுகி ஒசாகி 2007-ல் தொடங்கிய முறை இது. நெஞ்சைத் திறந்ததும், இதயத்தை மூடியிருக்கும் பெரிகார்டியம் என்ற உறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். ஒட்டியிருக்கும் கொழுப்பை நீக்கி, இழுத்து விரித்து, திசுவைப் பதப்படுத்தும் 0.6 சதவீத குளூட்டரால்டிஹைடு கரைசலில் 10 நிமிடம் வைப்போம். வழுவழுவென்று மடங்கிக்கொண்டிருந்த சவ்வு, கத்தரித்தால் ஓரம் சுருளாத அளவுக்கு விறைத்துவிடும். பிறகு சலைனில் மூன்று தடவை அலச வேண்டும். கடிகாரத்தை விட்டு என் கண் நகராத நேரம் அது. பழைய வால்வை வெட்டியெடுத்தபின், கதவு போலத் திறந்து மூடும் அதன் மூன்று இதழ்களுக்கும் தனித்தனியாக அளவெடுத்து, சவ்வில் வரைந்து, வெட்டித் தைப்பார்கள். இதயம் மறுபடி துடித்து, எக்கோ திரையில் மூன்றும் நடுவில் கசியாமல் சேர்வதைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வரும்.

உங்கள் தங்கை வயதுக்கு இதை ஏன் யோசிக்க வேண்டும்? உலோக வால்வு வைத்தால் ஆயுசு முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கலாம். நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையலாம். குழந்தை வேண்டும் என்று இருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமே இல்லை. மாடு, பன்றித் திசு வால்வுகளோ இளவயதில் சீக்கிரம் தேய்கின்றன. ஒசாகி முறையில், வேறு காரணம் இல்லாவிட்டால், வார்ஃபரின் தேவைப்படாது.

அதற்காக, சொந்தத் திசு என்பதால் கடைசிவரை நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கரைசலில் ஊறிய பிறகு அது உயிருள்ள திசு இல்லை. சுண்ணாம்பு படியலாம், கிருமி தொற்றலாம், இன்னொரு அறுவை வரலாம்.

உயிருள்ள திசுவையே வைப்பது ராஸ் முறை. 1967-ல் லண்டனில் டொனால்ட் ராஸ் செய்தது. நோயாளியின் நுரையீரல் தமனி வால்வை எடுத்து அயோர்டிக் இடத்தில் பொருத்தி, காலியான இடத்தில் தானமாகக் கிடைத்த வால்வை வைப்பார்கள். குழந்தைகளுக்கு அது உடம்போடு சேர்ந்து வளரும் என்பது பெரிய வரம். ஆனால் ஒரு வால்வு நோய்க்காக இரண்டு வால்வில் கை வைக்கிறோம். தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளவயதினருக்குப் பல டாக்டர்கள் இதைத் தவிர்ப்பார்கள்.

என்னைக் கேட்டால், முறையைவிட அதைச் செய்யும் கைதான் முக்கியம். “இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? மேசையிலேயே சரிவராவிட்டால் எந்த வால்வு வைப்பீர்கள்?” என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். தங்கைக்கு ருமாட்டிக் காய்ச்சல்தான் காரணம் என்றால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் திரும்பி வந்தால் மற்ற வால்வுகளையும் தாக்கும்.