பதில்: எலான்கூர் கோர்ஸுக்கு ஃபுல் சஸ்பென்ஷன் எதுக்கு?

ப்ரோ, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல எலான்கூர் மலையில நடந்த மவுண்டன் பைக் (மலைப்பாதை சைக்கிள்) ரேஸ் பாத்துட்டு "எலான்கூர் வெறும் ஜல்லிப்பாதை தானே, ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கற சைக்கிள்) போதாதா"ன்னு கேட்டிருக்கீங்க. டிவில எல்லா மேடும் தட்டையா தான் தெரியும், அத நம்பாதீங்க. ஃபுல் சஸ்பென்ஷன்னா முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் அதிர்வு தாங்கி இருக்கும்; அந்த பின்பக்க சஸ்பென்ஷன் குதிக்கறதுக்கு மட்டும் இல்ல, ஏத்தத்துல கல்லு மேல மிதிக்கும்போது டயர் தரைய விடாம புடிச்சுக்கும், சீட்ல உக்காந்தே மிதிக்கலாம், ஒன்றரை மணி நேரம் ஓட்டுறவங்களுக்கு இடுப்பு பாழாகாது, வழவழன்னு ஏத்தம் வந்தா ஹேண்டில்பார் லீவர அமுக்கி சஸ்பென்ஷன் அசையாம லாக் பண்ணிடுவாங்க. எடை கொஞ்சம் கூடும், அவ்ளோதான்.

ஆனா அந்த கோர்ஸ் ரொம்ப செயற்கை, எனக்கும் புடிக்கல. அந்த ரேஸ்ல பிரிட்டன் வீரர் பிட்காக் பஞ்சராகி பின்தங்கியும் கடைசி லேப்ல மரத்துக்கிட்ட பிரான்ஸ் வீரர் கொரெட்ஸ்கிய தாண்டினாரே, அது மட்டும் வேற லெவல். நிஜ வேரும் பாறையும் வேணும்னா கனடாவுல மோன்-சாந்த்-ஆன், செக் நாட்டுல நோவே மெஸ்டோ ரேஸ் போட்டு பாருங்க.