வலிக்கும் என்று சொன்னாலே வலி கூடுமா?

கேள்வி: ஊசி போடுவதற்கு முன்பு, "வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று செவிலியர் சொல்லிவிட்டால் எனக்கு வலி தாங்க முடிவதில்லை, பேச்சுக் கொடுத்தபடியே போட்டுவிட்டால் அவ்வளவாகத் தெரிவதில்லை. வீட்டில் இதை மனப்பிரமை என்கிறார்கள். வலி உண்மையில் கூடுகிறதா, கூடுவதாக நான் நினைத்துக்கொள்கிறேனா?

பதில்: உண்மையிலேயே கூடுகிறது, இதைப் பிரமை என்று தள்ளுவது உங்களுக்குச் செய்யும் அநீதி. உடலிலிருந்து வரும் சமிக்ஞையை மூளை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. வரப்போவது என்ன என்று முன்கூட்டியே கணித்து, அந்தக் கணிப்புக்கு ஏற்ப, நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதையின் வழியே, மேலே வரும் வலிச் சமிக்ஞையைத் தணிக்கவோ பெருக்கவோ அதனால் முடியும். மருந்தில்லாத களிம்பை வலிநிவாரணி என்று நம்பிப் பூசிக்கொண்டவர்களுக்குத் தண்டுவடத்திலேயே வலிச் சமிக்ஞை குறைந்ததை 2009இல் வெளியான ஓர் எம்.ஆர்.ஐ. ஆய்வு காட்டியது.

இதில் வேதிப்பொருள்களுக்கும் பங்குண்டு. கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் 1978இல் நடத்திய ஆய்வில், போலி மருந்தால் கிடைத்த நிவாரணத்தை, ஓபியாய்டுகள் எனப்படும் அபின் வகை வலிநிவாரணிப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்து முறியடித்தது. அதாவது, நம்பிக்கை, அதே வகையைச் சேர்ந்த, உடலின் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபின்களைச் சுரக்க வைத்திருந்தது. அச்சத்தோடு எதிர்பார்க்கும்போது கோலிசிஸ்டோகைனின் என்ற வேறொரு பொருள் வலியைப் பெருக்குகிறது. அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்தப் பெருக்கமும் அடங்குகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2011இல் வெளியான ஓர் ஆய்வு. 22 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் காலில் சூட்டைச் செலுத்தி, வலியை நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பிடச் சொன்னார்கள். தொடக்கத்தில் சராசரி 66. ரெமிஃபென்டனில் என்ற வலுவான வலிநிவாரணியை அவர்களுக்குத் தெரியாமல் இரத்தக்குழாயில் ஏற்றத் தொடங்கியதும் 55. "இப்போது மருந்து ஏறுகிறது" என்று சொன்னதும், அளவை மாற்றாமலேயே, 39. பிறகு "மருந்தை நிறுத்திவிட்டோம், வலி கூடலாம்" என்றார்கள். உண்மையில் மருந்து ஏறிக்கொண்டுதான் இருந்தது, வலியோ 64க்குத் திரும்பிவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் வீரியமான மருந்தின் பலனை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்டது என்பதை, நோயாளியின் அருகில் நின்று பேசும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால், "வலிக்கவே வலிக்காது" என்று எல்லாரிடமும் சொல்லிவிடலாமே?

பதில்: கூடாது. பொய் ஒருமுறை வெளிப்பட்டால், அடுத்தமுறை உண்மையான ஆறுதலையும் நோயாளி நம்பமாட்டார். பொய் சொல்லாமலே சொற்களைத் தேர்ந்துகொள்ளலாம். பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும்போது, ஒரு பிரிவினரிடம் "பெரிய தேனீ கொட்டுவதுபோல் இருக்கும்" என்றும், மறு பிரிவினரிடம் "இந்த இடம் மரத்துப்போகும், உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்" என்றும் சொல்லிப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது; இரண்டாம் பிரிவினருக்கே வலி குறைவாக இருந்தது. இரண்டுமே உண்மையான வாக்கியங்கள்தாம்.

எதிர்பார்ப்பு வலியை மாற்றுமே தவிர, வலிக்குக் காரணமான கட்டியையோ எலும்பு முறிவையோ குணப்படுத்தாது. ஆகவே நம்பிக்கை இருக்கிறதென்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். முதல் கேள்வியை அனுப்பிய வாசகி, அடுத்தமுறை செவிலியரிடம், "வலிக்கும் என்று சொல்லாமல், என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிப் போடுங்கள்" என்று தயங்காமல் கேட்கலாம்.