பாரா தீவில் கடலோரக் காட்டேஜ்: கேள்விகளும் பதில்களும்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது பாரா. அங்கே கடலோரத்தில் காட்டேஜ் எடுத்துத் தங்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கோடையில் நான் விரும்பிப் போய்வரும் இடம் என்பதால் சிலவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு வாரத்துக்கு புக் செய்திருக்கிறோம். தீவு ரொம்பச் சின்னது என்கிறார்கள். போரடிக்காதா? மற்ற தீவுகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா?

வேண்டாம் தம்பி, அங்கேயே இருங்கள். சுற்றுச் சாலை சுமார் 20 கி.மீ.தான், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஆனால் பாராவில் நாளை நடத்துவது சாலை இல்லை, கடல். தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், நேரமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். காலையில் நீங்கள் நடந்து போன மணல் மதியத்துக்கு மேல் தண்ணீருக்கு அடியில் இருக்கும். அதனால் போன கையோடு அந்த வாரத்து ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை) ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். சாப்பாட்டு நேரத்தைக்கூட அதற்கேற்ப மாற்றிக்கொண்டால் ஒரே கடற்கரை ஒவ்வொரு நாளும் வேறு இடமாக இருக்கும்.

கேள்வி: விமானம் மணலிலேயே இறங்கும் என்பது உண்மையா? பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

உண்மைதான். வடக்கே ட்ராய் வோர் என்ற அகலமான விரிகுடாவில், கடல் உள்வாங்கிய நேரத்தில், கிளாஸ்கோவிலிருந்து வரும் ட்வின் ஆட்டர் இறங்கும். இரண்டு எஞ்சின் வைத்த சின்ன விமானம். மணலில் மூன்று ஓடுபாதைகள், அவற்றின் முனைகளில் கம்பங்கள் நட்டிருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கேற்ற பாதையில் இறங்கும். ஓதத்தைப் பார்த்தே விமான நேரமும் போடப்படுவதால், அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சக்கரம் மணலைத் தொட்டதும் இரண்டு பக்கமும் தண்ணீர் சீறும், அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதே போதும். காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான காற்றுப்பை பறந்துகொண்டிருந்தால் விமான நிலையம் இயங்குகிறது என்று அர்த்தம். அப்போது மணலில் காலே வைக்கக் கூடாது.

கேள்வி: அதே கடற்கரையில் மட்டி பொறுக்கலாமாமே? எப்படி?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்தேன்! ட்ராய் வோர் காக்கிள் மட்டிக்குப் பேர் போன இடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நிறையவே உள்வாங்கும், அப்போது போங்கள். விமானம் இல்லாத நேரமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டத்துக் கை முள்வாரி ஒன்று, ஒரு வாளி போதும். ஈர மணலை லேசாக வாரினால் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்திலேயே ஓடு தட்டும். சின்னதை அப்படியே விட்டுவிட்டுப் பெரிதாகப் பார்த்து ஒரு வேளைக்கு மட்டும் எடுங்கள். திரும்பும்போது வாளியில் சுத்தமான கடல் தண்ணீரும் கொண்டு வாருங்கள். மட்டியைச் சில மணி நேரம் அதில் போட்டு வைத்தால் மணலைத் துப்பிவிடும். குழாய்த் தண்ணீரில் போட்டால் செத்துப்போகும். அப்புறம் கழுவி, வெங்காயம், மிளகு, கொஞ்சம் வெண்ணெயோடு மூடி வேகவைத்தால் வாய் திறக்கும். வேகவைக்கும் முன்பே, தட்டியும் மூடாமல் திறந்தே இருப்பதையும், வெந்த பிறகும் திறக்காததையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். எடுப்பதற்கு முன் இப்போது சாப்பிடலாமா என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: குழந்தைகள் கடலில் குளிக்க முடியுமா?

முடியும், வெட்சூட் போட்டால். ஆகஸ்டில்கூடத் தண்ணீர் 13, 14 டிகிரிதான். தெற்கே பாலம்போல் கல்லடுக்கிப் போட்ட சாலையில் வாட்டர்சே தீவுக்குப் போங்கள். அங்கே ஒரு மணல்மேட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கடற்கரைகள். கிழக்குப் பக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், குழந்தைகளுக்கு அதுதான். மேற்கில் அட்லாண்டிக் அலை நேராக மோதும், அங்கே இறக்காதீர்கள். காற்றடைத்த மிதவைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், கரையிலிருந்து காற்று வீசினால் பிள்ளையோடு சேர்த்து இழுத்துப் போய்விடும். உயிர்காப்பாளர் யாரும் இருக்க மாட்டார்.

மேற்குக் கரைக்கு நடந்து மட்டும் போய் வாருங்கள். 1853-ல் லிவர்பூலிலிருந்து கனடாவுக்குக் கிளம்பிய ஆனி ஜேன் என்ற கப்பல் அங்கே உடைந்தது. சுமார் 350 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிழைப்புத் தேடிப் போனவர்கள். அவர்களை அந்த மணல்மேட்டிலேயே புதைத்து நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கதை அது.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது. மலை ஏற முடியாது. அவருக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஜூன், ஜூலையில் கடலோரப் புல்வெளி முழுக்கப் பூ. சிப்பி ஓடுகள் நொறுங்கிய மணலில் தானாக வளரும் இந்தப் புல்வெளிக்கு மாக்கேர் என்று பெயர். ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தால் அம்மா எழுந்திருக்க மாட்டார். ஜூனில் இரவு பத்தரை வாக்கில்தான் சூரியன் மறையும். கொஞ்சம் இருட்டியதும் வடக்கே ஓலிகேரி பக்கம் காரை நிறுத்திக் காது கொடுங்கள். சீப்புப் பல்லை நகத்தால் கீறுவதுபோல ‘கிரெக்ஸ், கிரெக்ஸ்’ என்று கத்துவது கார்ன்கிரேக். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து புல்லுக்குள் ஒளிந்து குஞ்சு பொரிக்கும் பறவை, கண்ணில் படுவது அபூர்வம். பிரிட்டனின் பல பகுதிகளில் இல்லாமலே போய்விட்டதால், தயவுசெய்து தேடிக்கொண்டு புல்லுக்குள் இறங்காதீர்கள்.

நீங்கள் மட்டும் ஒரு காலை ஹீவல் ஏறிவிட்டு வாருங்கள். 383 மீட்டர், சரிவில் வெள்ளைப் பளிங்கு மாதா சிலை. காசில்பே ஊரும் கடல் நடுவே நிற்கும் கிஸ்முல் கோட்டையும் காலடியில் தெரியும்.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாடு?

காசில்பேயில் சூப்பர் மார்க்கெட் உண்டு. மசாலா, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கொண்டு போய்விடுங்கள். கப்பல் ஓடாத நாட்களில் காய்கறி அலமாரி காலியாகும்.

கேள்வி: மிங்குலே தீவுக்குப் படகு இருக்கிறதாமே, எந்த நாள் போகலாம்?

வாரத்தின் முதல் பாதியிலேயே பேசி வைத்துவிடுங்கள். 1912-ல் கடைசி மக்களும் வெளியேறிய தீவு, ஒழுங்கான படகுத்துறை கிடையாது. அலை கொஞ்சம் தூக்கினாலும் இறக்க மாட்டார்கள். திங்கள், செவ்வாய்க்குப் பதிவு செய்தால் தள்ளிப்போனாலும் கையில் நாள் இருக்கும். பஃபின் பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலைக்குள் போய்விடுங்கள், ஆகஸ்ட் தொடக்கத்தில் அவை கடலுக்குத் திரும்பிவிடும்.