பைக்குக் காவலாக அம்மா

கேள்வி: எனக்கு வயது 42. சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறோம். சென்ற ஆண்டு 150-600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கினேன். அதிலிருந்து ஞாயிறுதோறும் குடும்பத்தோடு சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கோ பூமலைக்கோ (தாவரவியல் பூங்கா) போய்ப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். இப்போது மனைவி வரமாட்டேன் என்கிறார். உயர்நிலை 1 படிக்கும் மகள் கைபேசியை விட்டுத் தலை நிமிர்வதில்லை. தொடக்கநிலை 3 படிக்கும் மகனுக்கு அரை மணி நேரத்தில் பசி வந்துவிடுகிறது. அம்மாவால் மட்டும் தொந்தரவே இல்லை. முழங்கால் வலி என்பதால் பெஞ்சில் உட்கார்ந்து என் லென்ஸ் பையைப் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கும் ஆர்வம் வர என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு எத்தனை வயது என்று எழுதவில்லை. பைக்குக் காவலாக உட்கார வைத்த ஆள் எப்படித் தொந்தரவு கொடுப்பார்? பைக்கு அம்மா காவல். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் மனைவி காவல். நீங்கள் மறைவிடத்தில் கொக்குக்காகக் காத்து நின்றபோது பையனுக்குச் சோறு ஊட்டியது யார், அம்மாவைக் கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனது யார்? மனைவி ஏன் வர மறுக்கிறார் என்று என்னைக் கேட்க வேண்டியதே இல்லை.

பறவைப் படம் தனி ஆள் வேலை. சுங்கை பூலோவுக்கு வலசைப் பறவைகள் வருவது செப்டம்பரிலிருந்து மார்ச் வரை. கடல் நீர் ஏறும்போது சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடுவதால் அவை உள்குளங்களில் வந்து கூடும், லென்ஸுக்கு எட்டும். நீர் இறங்கிவிட்டால் தூரத்துச் சேற்றில் புள்ளிகளாகத்தான் தெரியும். ஆக, நீங்கள் பார்க்க வேண்டியது நீரேற்ற அட்டவணையை. ஒன்பது வயதுப் பையனின் வயிறு அந்த அட்டவணைப்படி நடக்காது. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலையில் நீர் ஏறும் நாளாகப் பார்த்து, தனியாகப் போங்கள். காலை 7 மணிக்கு அங்கே இருங்கள், 11 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மற்ற ஞாயிறுகளில் அந்த 2 கிலோ லென்ஸ் வீட்டிலேயே கிடக்கட்டும்.

இனி நான் கேட்க வந்தது. இந்த ஓராண்டில் எத்தனை ஆயிரம் தடவை ஷட்டரை அழுத்தியிருப்பீர்கள்? அதில் அம்மா முகம் எத்தனை? மீன்கொத்திக்கு நூறு படம் இருக்கும். நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் போன மறுநாள், மாலை போட ஒரு படம் தேடி அலைகிறோம். யாரோ கல்யாணத்தில் பன்னிரண்டு பேர் நின்ற படத்திலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்குகிறோம். 10க்கு 12 அங்குலத்துக்குத் தெளிவாக அச்சிட 3,000க்கு 3,600 பிக்சல் வேண்டும். கூட்டத்தில் வெட்டிய முகத்தில் இருநூறு முந்நூறு தேறினால் அதிகம். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படமென்றால் அதுவும் இல்லை. விலை உயர்ந்த கேமரா இருக்கும் வீட்டில் அப்படி ஒரு நிலை வந்தால் அதற்குப் பெயர் அலட்சியம். பெற்றவளைப் படம் எடுத்து வைப்பது பொழுதுபோக்கில் சேராது, அது பிள்ளையின் கடமை.

எடுக்கும் முறையைச் சொல்கிறேன். சுங்கை பூலோ வேண்டாம். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஜூரோங் ஏரித் தோட்டம் இருக்கிறது, சமதளப் பாதை, முழங்காலுக்கு நல்லது. மாலை 5.30க்குப் போங்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. ஆறுக்கு மேல் வெளிச்சம் இளகும், மறைந்த பிறகு இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். நடுப்பகலில் எடுக்கவே எடுக்காதீர்கள். வெயில் உச்சியிலிருந்து விழுவதால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும்.

அம்மாவை மர நிழலின் ஓரத்தில், திறந்த வானத்தைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இலை இடுக்கில் விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் படக்கூடாது, அவற்றைப் பிறகு கணினியில் அழிப்பது எளிதல்ல. புல்லுக்கு நடுவிலும் வேண்டாம், தாடைக்கு அடியில் பச்சை ஏறும். சிமெண்டு நடைபாதைப் பக்கமாக இருந்தால் கீழிருந்தும் வெளிச்சம் வந்து கண்ணுக்கடியின் கருமையைக் குறைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ், உங்களுடையது சின்ன சென்சார் என்றால் 35. லென்ஸ் துளை எஃப் 2.8, ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கியில், உச்சவரம்பு 3,200. கூர்மை கிட்டக்க இருக்கும் கண்ணில் நிற்க வேண்டும். அம்மா வெளிர் நிறப் புடவை கட்டியிருந்தால் கேமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் படி கூட்டி வையுங்கள். கண்ணாடி பளபளத்தால், காதுப் பக்கக் கம்பியை ஒரு விரற்கடை தூக்கிவிட்டால் போதும். நின்றபடி எடுக்காதீர்கள். மண்டி போட்டு, அவர் கண் உயரத்துக்கு இறங்குங்கள்.

புறப்படும் முன் இன்னொன்று. ஏர்கான் அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர் படியும். துடைக்கத் துடைக்க மறுபடி வரும். அரை மணி நேரம் முன்பே பையை மூடியபடி கூடத்தில் வைத்துவிடுங்கள். நீர் படிந்திருக்கும்போது லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளே போகும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும்.

"சிரிங்கம்மா" என்று சொல்லாதீர்கள். உதடு மட்டும்தான் சிரிக்கும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி சின்ன வயதில் எந்தக் கம்பத்தில் (கிராமத்தில்) இருந்தார், அங்கே என்ன மரம் நின்றது என்று ஏதாவது கேட்கட்டும். பேச்சு நிற்கும் இடங்களில் எடுங்கள். பையனுக்கு ஆறு கறிபாப் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு அவனுக்கு, மீதி எல்லாருக்கும். மனைவிக்கு அன்று ஒரு வேலையும் இருக்கக்கூடாது. கழிவறைக்கு அம்மாவை நீங்கள் கூட்டிப்போங்கள், வாசல்வரைதான் என்றாலும்.

பையே வேண்டாம். ஒரு கேமரா, அதில் ஒரு லென்ஸ், கழுத்தில் தொங்கட்டும். பத்துப் படம் எடுத்ததும் அதைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் பை இருந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். எப்படி எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தீர்களானால் அவள் மறுபடி கைபேசிக்குள் போய்விடுவாள்.