சென்னைப் பூங்காவில் குடும்பத்துடன் அமர்ந்து உண்ண, உணவை எங்கே வாங்கலாம்?

வயதான பெற்றோரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குச் செல்ல இருப்பதாகவும், வீட்டில் சமைக்க நேரம் இல்லை என்பதால் போகும் வழியில் எங்கே, என்ன வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளாக மந்தைவெளியில் வசிப்பவள், குழந்தைகள் சிறுவர்களாக இருந்தபோது மாதம் ஒரு முறையாவது இப்படிப் போய் வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கடையின் பெயரைவிட, வாங்கிய உணவு சென்னை வெயிலில் எத்தனை மணி நேரம் கெடாமல் இருக்கும் என்பதையே முதலில் பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரை மாதத்தில், நல்ல பெயர் வாங்கிய ஓர் உணவகத்தில் காலை எட்டு மணிக்குத் தோசையும் தேங்காய்ச் சட்னியும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பதினொரு மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்தபோது சட்னி நுரைத்திருந்தது, தோசை விறைத்துப்போயிருந்தது. என் மாமியார் முதல் வாயிலேயே கண்டுபிடித்துக் குழந்தைகளின் கையைத் தட்டிவிட்டார். அன்று முதல் தேங்காய் சேர்த்த எதையும், சட்னியானாலும் தேங்காய்ச் சாதமானாலும், வெளியே எடுத்துச் செல்வதில்லை. புளியோதரையும், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியும் அப்படிக் கைவிடுவதில்லை. அந்தக் காலத்தில் நீண்ட பயணத்துக்குக் கட்டுச்சோறாகப் புளிச்சோற்றைக் கட்டியதற்குக் காரணம் இருந்தது: புளியின் அமிலமும், சோற்றைப் பூசி நிற்கும் எண்ணெயும் அதை எளிதில் ஊசவிடுவதில்லை.

நீங்கள் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போவதாக இருந்தால், உணவைப் பற்றிக் கவலையே வேண்டாம். அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கிய அந்தப் பூங்கா லஸ் சர்ச் சாலையில் இருக்கிறது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய சிற்றுண்டிக் கடைகளிலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் போய்விடலாம். அருண்டேல் தெருவிலுள்ள ராயர் மெஸ்ஸின் பொங்கலும் வடையும் கிழக்கு மாட வீதியிலுள்ள கற்பகாம்பாள் மெஸ்ஸின் இட்லியும் வாங்கிய சூடு ஆறுவதற்குள் பூங்காவின் மரநிழலுக்கு வந்துவிடும் என்பதால், நான் மேலே சொன்ன எச்சரிக்கைகூட இங்கே அவ்வளவாகத் தேவைப்படாது. பொன்னம்பல வாத்தியார் தெருவில், வீட்டுச் சன்னல் வழியாகவே பலகாரம் கொடுப்பதால் சன்னல் கடை என்று பெயர் பெற்ற இடத்தில் பஜ்ஜி வாங்கலாம். அதை அங்கேயே நின்று தின்றுவிடுவது நல்லது, பொட்டலத்தில் மடித்தால் அரைமணி நேரத்தில் நமுத்துவிடும். குழந்தைகளுக்கு மாட வீதியிலுள்ள காளத்தி கடையின் ரோஸ்மில்க் பிடிக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சென்றால், ஒலிபெருக்கி இல்லாமல் சிறுவர்கள் பாடும் காலைக் கச்சேரியையும் உங்கள் பெற்றோர் கேட்க வாய்ப்புண்டு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதற்காகவே முன்னதாகக் கிளம்பச் சொல்வார்கள்.

கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போவதாக இருந்தால், அடையாறு காந்தி நகரில் இறங்கி கிராண்ட் ஸ்வீட்ஸில் புளியோதரை வாங்கிக்கொண்டு சர்தார் படேல் சாலையில் செல்லுங்கள். கடைக்கு வருபவர்களுக்குத் தொன்னையில் பிரசாதம்போல் சிறிது உணவு கொடுத்துப் பெயர் பெற்ற கடை அது. அதன் புளிக்காய்ச்சல் வெளியூர் உறவினர்களின் பெட்டிகளிலும் ஏறுவதுண்டு. உணவை உள்ளே கொண்டு செல்வதற்கான விதியை மட்டும் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒட்டியுள்ள தேசியப் பூங்காவில் புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன; இந்தப் பகுதியில் இறந்த மான்களின் வயிற்றில் நெகிழிப் பைகள் கிடைத்த செய்திகளைப் படித்த பிறகு, ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அங்கே விட்டு வர எனக்கு மனம் வருவதில்லை. காணும் பொங்கலன்று அந்தப் பக்கமே போகாதீர்கள். ஊரே கட்டுச்சோற்றுடன் அங்கே திரண்டிருக்கும், பெரியவர்கள் உட்கார இடம் கிடைக்காது.

1962 முதல் 2008 வரை காரில் அமர்ந்தபடியே சாப்பிடும் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த நிலத்தில்தான், 2010ஆம் ஆண்டு நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பார்க்க அருமையான தோட்டம்; ஆனால் உங்களைப்போல் இலை போட்டுச் சாப்பிட விரும்பும் குடும்பத்துக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவையே நான் சொல்வேன்.

எங்கே வாங்கினாலும் பாத்திரத்தை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை இருந்தும், கொதிக்கும் சாம்பாரை நெகிழிப் பையில் கட்டிக் கொடுக்கும் கடைகள் இன்னமும் இருக்கின்றன. ஒரு தூக்குச்சட்டியும் இரண்டு அடுக்கு டிபன் கேரியரும் நீட்டினால் மறுக்கும் கடையை நான் பார்த்ததில்லை. நீட்டிய பாத்திரம் பெரிதாக இருந்தால் ஒரு கரண்டி கூடுதலாகவே விழும். ஒரு மஞ்சப்பையில் தண்ணீர்ப் புட்டிகளையும் வாழை இலைகளையும் போட்டுக்கொண்டால் போதும்.

சமைக்க நேரம் இல்லை என்றீர்கள்; தயிர்ச் சாதத்துக்கு மட்டும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள், அதைக் கடையில் வாங்காதீர்கள். காலையில் வாங்கிய தயிர்ச் சாதம் நண்பகலில் புளித்துவிடும். வீட்டில் சாதத்தைக் குழைய வடித்து, வெதுவெதுப்பாக ஆறியபின் காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துப் பிசைந்து மூடுங்கள். பூங்காவில் திறக்கும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். தொட்டுக்கொள்ள மாவடு இருந்தால் உங்கள் பெற்றோர் வேறு எதையும் கேட்க மாட்டார்கள்.