காய்ச்சல் விட்ட பிறகும் ஊசி எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர்,

மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு என் மாமனாருக்குத் தலையில் வடிகுழாய் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பின் காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக் கிருமியால் வந்த மூளையுறை அழற்சி என்றார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இதே நோய் செஃப்ட்ரியாக்சோன் ஊசியில் குணமானது. இவருக்கோ வான்கோமைசின், மெரோபெனம், பிறகு தலைக்குழாய் வழியே கொலிஸ்டின். காய்ச்சல் விட்ட பிறகும் அளவைக் குறைக்கவில்லை. இவ்வளவும் தேவைதானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பெயர் ஒன்றானாலும் இவ்விரண்டையும் வெவ்வேறு நோய்களாகவே கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்ததுபோல் மருத்துவமனைக்கு வெளியே வருவதற்குப் பெரும்பாலும் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமிகள் காரணம். குழாய் வைத்த தலையில் புகுபவை தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸும், ஐ.சி.யூ.வில் பல மருந்துகளுக்கும் பழகிப்போன சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்றவையும்தான். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வரும்வரை காத்திருக்க முடியாதென்பதால், ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு வான்கோமைசினும் மற்றவற்றுக்கு மெரோபெனமும் சேர்த்தே தொடங்குகிறார்கள். 2017இல் வெளியான அமெரிக்கத் தொற்றுநோய்க் கழகத்தின் வழிகாட்டி நெறிகளும் இந்தச் சேர்க்கையை ஏற்கின்றன.

அளவைக் குறைக்காததற்குக் காரணம் வேறு. ரத்தத்திலிருந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீருக்குள் மருந்தை எளிதில் விடாத தடுப்பு, அழற்சியின்போது தளர்கிறது. நோயாளி தேறத் தேற அது மீண்டும் இறுகி, உள்ளே போகும் மருந்து குறைகிறது. ஆகவேதான் மெரோபெனத்தை வழக்கமான 1 கிராமுக்குப் பதில் 2 கிராமாக, எட்டு மணிக்கொரு முறை, கடைசி நாள்வரை கொடுக்கிறோம். சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு 10 முதல் 14 நாள், சிலர் கருத்தில் 21 நாள். இடையில் கல்ச்சரில் கிருமி வளர்ந்துகொண்டே இருந்தால், கடைசியாக வளர்ந்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும்.

கொலிஸ்டினை ரத்தக்குழாய் வழியே ஊசியாகத் தந்தால் தண்டுவட நீரை மிகக் குறைவாகவே எட்டும். அளவை ஏற்றினால் சிறுநீரகம் தாங்காது. அதனால் மற்ற மருந்துகள் கேட்காதபோது நாளுக்கு 10 மில்லிகிராம், அதாவது ஒன்றேகால் லட்சம் யூனிட், நேரே மூளை அறைக்குள் செலுத்துகிறார்கள். உடனே வடிந்துவிடாமலிருக்கக் குழாயின் திருகை 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை மூடி வைப்பார்கள், நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன்: பழைய குழாயை எடுத்துவிட்டார்களா? குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டிய கிருமியை எந்த ஆன்டிபயாடிக்காலும் முழுமையாக அழிப்பது அரிது. அதை அகற்றாமல் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.